பெரியம்மாவுக்கு ஓர் ஓட்டு

எங்கள் வீட்டில் எட்டு வருஷமாகப் படுத்த படுக்கையாக இருந்த பெரியம்மாவின் பெயர் பொர்கில்ட். ஆள் நாலடிக்குக் கொஞ்சம் மேல். ஆரஞ்சு உடம்பில் செங்கல் நிறத் திட்டுகள். சாப்பாடு இரண்டு வாரத்துக்கு ஓர் எலி. பெரியம்மா என்பது அக்கம்பக்கத்துக்காக நாங்கள் கட்டிவிட்ட கதை; ஆள் சோளப்பாம்பு. விஷம் கிடையாது, பல் இருப்பதே அதற்குச் சில சமயம் மறந்துபோகும்.

வேறு வழியில்லை. நார்வேயில் அப்போதெல்லாம் வீட்டில் பாம்பு வளர்க்கக் கூடாது. ஸ்வீடன்காரன் வளர்க்கலாம், டென்மார்க்காரன் வளர்க்கலாம், நாங்கள் மட்டும் கூடாது. இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சனிக்கிழமை நானும் என் கணவன் யூஸ்தைனும் எல்லை தாண்டி ஸ்வீடனுக்குப் பன்றிக்கறி வாங்கப் போனோம். அங்கே விலை குறைவு, எங்கள் த்ரொண்ட்ஹைமில் பாதி ஊர் அதற்குத்தான் போகும். திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் கறி இருந்தது. என் கோட்டுக்குள், ஒரு கம்பளிக் காலுறையில், சுண்டுவிரல் தடிமனில் குட்டிப் பெரியம்மா இருந்தாள். எல்லையில் அதிகாரி குனிந்து பார்த்தபோது நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி ஓர் அசட்டுச் சிரிப்பை என் கல்யாணத்தன்றுகூட நான் சிரித்ததில்லை.

மாடிப்படியில் நின்று போனில் பாம்பு என்று சொல்ல முடியுமா? அதனால்தான் பெரியம்மா. "பெரியம்மா சாப்பிட்டாளா?" "பெரியம்மாவுக்குக் கண்ணு மங்கலா இருக்கு, தொந்தரவு பண்ணாதே." தோல் உரிப்பதற்கு முன்னால் பாம்புக்குக் கண் பால் படிந்தது மாதிரி ஆகிவிடும், அதைத்தான் சொல்வோம். எதிர்வீட்டு தூர்டிஸ் காதில் இது விழுந்துவிட்டது. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை, எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவி. மறுநாளே தட்டு நிறைய வாஃபிளும் அதன்மேல் பழுப்புச் சீஸுமாக வந்து மணியடித்தார்.

மணி அடித்தால் எங்கள் வீட்டில் ஒரு வேலை நடக்கும். சோபாமேல் கிடக்கும் சாம்பல் நிறக் கம்பளி பறந்து போய்ப் பாம்புப் பெட்டியை மூடிக்கொள்ளும். யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் வீச வேண்டியது. கை தானாகப் போகும். தபால்காரர், பார்சல்காரர், தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர், என் மாமியார், எல்லாருக்கும் அதே மரியாதைதான்.

தூர்டிஸ் உள்ளே வரமாட்டார், நோயாளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நாகரிகம் அவருக்கு. வாசலில் நின்றபடியே உள்ளறையைப் பார்த்து, "பொர்கில்ட்! இன்னிக்கு வெயில் அடிக்குது, ஜன்னல் பக்கம் திரும்பிப் படுங்க!" என்று டிராம் மணி மாதிரி ஒலிக்கும் குரலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். வாரா வாரம். வாஃபிளை யூஸ்தைன் தின்றான்.

அப்புறம் அந்த ஆகஸ்டில் சட்டம் மாறியது! பத்தொன்பது வகை ஊர்வன வளர்க்கலாம் என்று பட்டியல் போட்டார்கள். பட்டியலில் சோளப்பாம்பு இருந்தது. நான் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன்; செய்தி வந்தபோது ஒரு நோயாளி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போட்ட கூச்சலில் அவர் வாயை மூடிவிட்டார். வீட்டுக்கு ஓடிவந்து யூஸ்தைனைப் பிடித்துச் சமையலறை முழுக்க ஒரு சுற்று ஆடினேன்.

ஆடி முடித்த பிறகுதான் அவன் சொன்னான். "சங்கத்துல அனுமதி வாங்கணுமே."

"வாங்கிட்டாப் போச்சு."

"தூர்டிஸ்கிட்டயா? நீயே போய்ச் சொல்லு."

இரண்டு பேரும்தான் போனோம். தூர்டிஸ் காப்பி ஊற்றினார், பெரியம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே யூஸ்தைன் போட்டு உடைத்துவிட்டான்.

"பெரியம்மா ஒரு பாம்புங்க."

"டேய், வயசானவங்களை அப்படிச் சொல்லக் கூடாது" என்றார் தூர்டிஸ்.

"இல்லைங்க, நிஜமாவே பாம்பு" என்று நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். 

"நான் எட்டு வருஷமா வாஃபிள் சுட்டுக் கொண்டாந்தேனே. யாரு தின்னது?"

"நான்தான்" என்றான் யூஸ்தைன்.

"வெக்கமா இல்லை உனக்கு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

அவர் சிரிக்கவில்லை. "நான் தினம் படுக்கும்போது நினைச்சுப்பேன் மெரெத்தே. எதிர்வீட்டுல ஒரு பொம்பளை எழுந்திரிக்க முடியாம கெடக்கிறா, நமக்காவது காலு நடக்குதேன்னு. அவளுக்காகத்தான் வாசல்ல நின்னு கத்தினேன். பாம்புக்குக் காதே கிடையாது, தெரியுமில்லை?"

கோபப்பட்டிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருப்பேன். ஆனால் அந்த அம்மாவின் மனசு நொந்துவிட்டது.

கடைசியில் அவரே தீர்ப்பு சொன்னார். "மாசக் கடைசியில சங்கக் கூட்டம். அதுக்கு முன்னாடி நான் வந்து பார்ப்பேன். என் கை மேல அது வரணும். வந்தா, ஓட்டுக்கு வைக்கிறேன். கடிச்சுதோ, வந்த வழியே ஸ்வீடனுக்கு அனுப்பிடு. குழந்தைங்க இருக்கிற கட்டடம் இது."

கை மேல் வர வேண்டுமாம்! எங்கள் கை மேலேயே பெரியம்மா வந்ததில்லை. குட்டியாக இருந்தபோது நாலைந்து தடவை எடுத்தோம். பிறகு ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் சுருண்டு, ஆங்கில எஸ் எழுத்து மாதிரி கழுத்தை வளைத்து, வால் நுனியை மரத்தூளில் சடசடவென்று அடிப்பாள். பயந்த பாம்பின் பேச்சு அது. "சரி, இவள் குணம் இப்படி" என்று விட்டுவிட்டோம். மறைத்து வாழ்கிற வீட்டில் பாம்பைக் கையில் எடுத்துக் கொஞ்ச எங்கே நேரம் இருந்தது, எந்த நிமிஷம் யார் மணியடிப்பார்களோ.

இப்போது இணையத்தில் ஸ்வீடன்காரர்கள் எழுதியதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். தீனி போட்டு இரண்டு நாள் தொடாதே. எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் நீட்டாதே. நீ போட்டுக் கழற்றிய பனியனை உள்ளே போட்டு வை, உன் வாசனை பழகட்டும். சீறினால் கையை வெடுக்கென்று இழுக்காதே, இழுத்தால், 'சீறினால் பிழைக்கலாம்' என்று கற்றுக்கொள்ளும். எல்லாம் செய்தேன். மூடியைத் திறந்து கையை இறக்கினேன். டப்பென்று ஒரு கொத்து. வலி என்று சொல்ல முடியாது, ரோஜா முள் கீறினது மாதிரி சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். ஆனால் நான் கையை இழுத்துக்கொண்டேன், அதுதான் பெரிய தப்பு.

"பனியன் உன்னோடதுதானே?" என்று கேட்டான் யூஸ்தைன்.

"ஆமா."

"அதான் விரோதியா நினைக்குது."

அன்றைக்கு அவனுக்கு ராத்திரிச் சாப்பாடு ரொட்டியும் வெண்ணெயும் மட்டும்தான்.

வழி கிடைத்தது தற்செயலாகத்தான். மழை நிற்கவேயில்லை என்பதால் துவைத்த துணிகளை ஹாலிலேயே காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படுக்கை விரிப்பை உதறினேன். உதறியதுதான் தாமதம், பெரியம்மா இருந்த இடத்திலிருந்து பாய்ந்து கண்ணாடியில் முட்டினாள். நான் அவளைப் பார்க்கக்கூட இல்லை, கையை நீட்டவும் இல்லை. மறுபடியும், இந்தத் தடவை வேண்டுமென்றே, விரிப்பை மெல்லத் தூக்கினேன். நிழல் மேலிருந்து இறங்கியதும் வால் சடசடத்தது. விரிப்பைத் தரையோடு இழுத்தேன். அவள் நாக்கை நீட்டி வேடிக்கை பார்த்தாள்.

"யூஸ்தைன்!" நான் போட்ட சத்தத்தில் அவன் சவரம் பாதியில் ஓடிவந்தான். "நாமதான்யா! நாமதான் இவளைக் கெடுத்து வச்சிருக்கோம்!"

"என்ன கெடுத்தோம்?"

"கம்பளி! மணி அடிக்கிறப்பெல்லாம் மேலேர்ந்து தொப்புன்னு போட்டோமே! எட்டு வருஷமா வானம் இடிஞ்சு இடிஞ்சு விழுது அவளுக்கு! மேலேர்ந்து எது வந்தாலும் பயப்படாம என்ன செய்வா?"

அவன் முகத்தில் நுரையோடு பெட்டியைப் பார்த்தான், கம்பளியைப் பார்த்தான். "கழுகு" என்றான் மெதுவாக. "நாம அவளுக்குக் கழுகா இருந்திருக்கோம்."

ஸ்வீடன்காரன் எழுதிய எந்தப் பக்கத்திலும் இது இல்லை. எப்படி இருக்கும்? அவன் ஊரில் யாரும் பாம்பை ஒளித்து வைக்கவில்லையே. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு துள்ளல்! காரணம் தெரிந்துவிட்டதே! குணம் கெட்டவள் இல்லை என் பெரியம்மா, பயந்தவள்!

யூஸ்தைன் படகுப் பட்டறையில் தச்சன். அன்று சாயங்காலமே வேலையில் இறங்கிவிட்டான். மேலே திறக்கிற பழைய மீன்தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, முன்பக்கம் பலகைக் கதவு பக்கவாட்டில் நகர்ந்து திறக்கிற புதிய பெட்டி செய்தான். மேல்பக்கம் முழுக்க மரம், ஒரு நிழல்கூட விழ முடியாது. உள்ளே இரண்டு மறைவிடம், ஒரு கிளை, சூட்டுக்கு ஒரு விளக்கு. படகுக்குச் செய்கிற மாதிரியே மூலையெல்லாம் இழைத்து வழவழப்பாக்கினான். பெரியம்மாவை மறைவிடத்தோடு சேர்த்து அலுங்காமல் மாற்றினோம். சாம்பல் கம்பளியை எடுத்துக் கீழ்த்தளச் சாமான் அறையில் போட்டுப் பூட்டினேன்.

அதற்குப் பிறகு என் சாயங்காலங்கள் எல்லாம் தரையில்தான். வேலை விட்டு வருவேன், சோப்புப் போட்டுக் கை கழுவுவேன், பெட்டி முன்னால் குப்புறப் படுப்பேன். கதவைத் திறந்து, உள்ளங்கையை மேலே பார்க்கும்படி தரையோடு உள்ளே வைப்பேன். அவ்வளவுதான். பிடிக்க மாட்டேன், நகர மாட்டேன், கூப்பிட மாட்டேன். முதல் நாள்களில் மறைவிடத்திலிருந்து தலைகூட வரவில்லை. பிறகு தலை வந்தது. பிறகு நாக்கு என் விரல் நுனிவரை வந்து தொட்டது! ஈரம்கூட இல்லை, காற்று பட்டது மாதிரிதான், ஆனால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஒரு சாயங்காலம் அவள் கிளம்பினாள். மோவாய் என் சுண்டுவிரலில் ஏறியது, பிறகு கழுத்து, பிறகு அந்த நீள உடம்பின் கனம் கொஞ்சம் கொஞ்சமாக என் மணிக்கட்டைக் கடந்து முழங்கைவரை போனது. நான் மூச்சு விடவில்லை. பாம்பு சில்லென்று இருக்கும் என்று நினைப்பவர்கள் தொட்டுப் பார்க்காதவர்கள். விளக்குச் சூட்டில் கிடந்து வந்தவள், வெதுவெதுப்பாக, தசை தசையாக நகர்ந்தாள். வால் துளி சத்தம் போடவில்லை. தரையில் படுத்தபடியே எனக்குக் கண்ணீர் மூக்கு வழியாக வழிந்தது, துடைக்க அசையத் துணியவில்லை.

"யூஸ்தைன்" என்று கிசுகிசுத்தேன். "வந்து பாரேன்."

அவன் நுனிக்காலில் வந்தான். "என்னை விட்டுட்டு உன்கிட்ட எப்படிப் போனா?" என்றான். பொறாமை! நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா.

பாம்பைப் பழக்கியாயிற்று. மனுஷனைப் பழக்குவதுதான் பாடாக இருந்தது. மணி அடித்தால் யூஸ்தைன் கை இன்னமும் சோபாவைத் தேடிப் பறக்கும். கம்பளி இல்லாவிட்டால் மேஜைத் துணியை எடுக்கும். ஆகவே நான் வெளியே போய் நானே எங்கள் வீட்டு மணியை அடிப்பேன். அவன் நாற்காலியில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் உட்கார வேண்டும். அடிப்பேன், எட்டிப் பார்ப்பேன், திட்டுவேன், மறுபடி அடிப்பேன்.

"எட்டு வருஷமா பழகின பாம்பே திருந்திடுச்சு. உனக்கு என்னய்யா கேடு?"

"பாம்புக்கு நீ கை கொடுத்தே. எனக்குத் திட்டுதானே கொடுக்கிறே" என்றான். பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனாலும் கடைசியில் சிலை மாதிரி உட்காரக் கற்றுக்கொண்டான்.

கூட்டத்தன்று தூர்டிஸ் வந்தார். கூட்டம் கீழே பொது அறையில் ஆறு மணிக்கு, அதற்கு அரைமணி முன்னால் மணியடித்தார். யூஸ்தைன் கை தொடைக்கு அடியிலேயே இருந்தது. அசையவில்லை மகராசன். நான் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தேன், கதவு திறந்திருந்தது, பெரியம்மா பாதி வெளியே வந்து பலகை விளிம்பில் தலை வைத்திருந்தாள். மணி அடித்ததும் என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியாது. நான் போட்டிருந்த கம்பளி மேல்சட்டையைக் கழற்றி, அவள் தலைமேல் வீசிவிட்டேன்.

நான்! யூஸ்தைனை அத்தனை நாள் வறுத்தெடுத்த நான்!

சட்டையை எடுத்தபோது அவள் உள்ளே மூலையில் பந்தாகச் சுருண்டு, வாலை அடித்துக்கொண்டிருந்தாள். சடசட சடசட. யூஸ்தைன் போய்க் கதவைத் திறக்க, தூர்டிஸ் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றார்.

"இன்னிக்கு வேண்டாங்க" என்றேன். "தப்பு என்னோடது. நானே பயமுறுத்திட்டேன். நாளைக்கு வாங்க, நல்லா இருப்பா. சத்தியமா."

"ஓட்டு இன்னிக்குத்தானே மெரெத்தே."

"தெரியும்."

"அப்ப நகரு."

அவர் ஒரு முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். நான் எப்படிக் கை வைக்க வேண்டும் என்று சொன்னேன்: கீழாக, தரையோடு, உள்ளங்கை மேலே. இரண்டு கையையும் அப்படியே வைத்தார். வால் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நான் தடுக்கப் போனேன், யூஸ்தைன் என் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"பொர்கில்ட்" என்றார் தூர்டிஸ், தாழ்ந்த குரலில். அவரால் அப்படிப் பேச முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். "உனக்குக் கேக்காதுன்னு தெரியும். ஆனா பேசிப் பழகிட்டேன். இன்னிக்கும் மழைதான். உன் சொந்தக்காரங்க ரெண்டு பேரும் புளுகுமூட்டைங்க. நீ எதுக்கு பயப்படணும், பயப்பட வேண்டியது அவங்க."

மணி ஆறு தாண்டியது. வால் நின்றது. பந்து கொஞ்சம் தளர்ந்தது. நாக்கு வெளியே வந்தது. பிறகு அவள் வந்தாள். நேராக வரவில்லை, சுவரோரமாக ஒரு சுற்று சுற்றி, யோசித்து, தூர்டிஸின் வலது உள்ளங்கையில் மோவாயை வைத்தாள். அப்படியே மணிக்கட்டில் ஏறிச் சுற்றிக்கொண்டாள். வால் இடது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. தூர்டிஸ் மூச்சை இழுத்தவர் விடவேயில்லை.

"விடுங்க, மூச்சு விடுங்க" என்றேன்.

"கனமா இருக்கா" என்றார். "மெரெத்தே, இவ கனமா இருக்கா!"

கீழிருந்து போன் வந்தது. யூஸ்தைன் எடுத்தான். தலைவி எங்கே என்று கேட்டார்கள். "எழுந்திரிக்க முடியாத நிலைமையில இருக்காங்க" என்றான் அவன். அவ்வளவுதான், மாரடைப்போ என்று பயந்து சங்கக் குழுவில் மீதி நாலு பேரும் தடதடவென்று மாடியேறி வந்துவிட்டார்கள். வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"காலணியைக் கழற்றிட்டு மெதுவா வாங்க" என்றார் தூர்டிஸ். "தரை அதிர்ந்தா இவளுக்குப் பிடிக்காது. கூட்டம் இங்கேயே நடக்கும்."

நாலு பேரும் காலுறையோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். மூன்றாம் மாடி ஆர்வே என்று ஒருவர், குழந்தைகள் ஊஞ்சலாடினால்கூட விதிமுறை பார்க்கிறவர், வாயைத் திறந்தார். "இதை நான் எதிர்க்கிறேன். பாம்புன்னா பாம்புதான்." அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் தலையாட்டினார். மற்ற இருவர், கடிக்காத ஒன்றால் யாருக்கு என்ன தொந்தரவு என்றார்கள். கொஞ்சநேரம் கிசுகிசுப்பாகச் சண்டை நடந்தது. உரத்துப் பேசினால் தூர்டிஸ் முறைத்தார்.

"சரி, ஓட்டு" என்றார் தூர்டிஸ். "இருக்கட்டும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

இரண்டு கைகள் எழுந்தன. இரண்டு எழவில்லை. எல்லாரும் தலைவியைப் பார்த்தார்கள்.

"நீங்க கை தூக்கலையே" என்றார் ஆர்வே. "கை தூக்காட்டி ஓட்டு செல்லாது. விதி."

தூர்டிஸின் இரண்டு கைகளும் பெரியம்மாவிடம் இருந்தன. இவ்வளவு பேர் முன்னால், பயந்து தெளிந்து அரைமணிகூட ஆகாதவளைத் தூக்கினால் என்ன செய்வாள்? ஒரு கொத்து போதும், எல்லாம் முடிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் தூர்டிஸ் தூக்க ஆரம்பித்துவிட்டார். டிராமை நிறுத்தத்திலிருந்து குலுங்காமல் எடுக்கிற மாதிரி, அவ்வளவு மெதுவாக. முதலில் மடி, பிறகு மார்பு, பிறகு தோள். பெரியம்மா மணிக்கட்டை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டு கூடவே போனாள். கை தலைக்குமேல் போனது. அவள் அங்கிருந்து தலையை நீட்டி, ஆர்வேயைப் பார்த்து நாக்கை இரண்டு தடவை காட்டினாள். வால் அசையவில்லை.

"மூணு" என்றார் ஆர்வே, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு.

நான் ஓவென்று கத்த வாயைத் திறந்தேன்.

"கத்தாதடி!" என்று சீறினார் தூர்டிஸ். "அவ பயந்துடப் போறா. குதிக்கவும் கூடாது."

கத்தவும் முடியாமல், குதிக்கவும் முடியாமல், அத்தனை சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் இருந்த யூஸ்தைனின் காதைப் பிடித்து முறுக்கு முறுக்கென்று முறுக்கினேன். கண்ணில் நீர் வழிய நின்றான் பாவம், ஒரு சத்தம் போடவில்லை.